திருகோணமலைக் காதல் நாவல் ஒன்று 12ஆம் அத்தியாயத்தோடு நிற்கிறது

வெண்மணல்:

வணக்கம். 26 அத்தியாயத்துக்குத் திட்டம் போட்ட காதல் நாவல். 12 முடிந்துவிட்டது, ஏறத்தாழ 19,000 சொல். காலம் 1998. நாயகி உப்புவெளிப் பிள்ளை, ஒரு விடுதியில் கணக்கெழுதுகிறாள். நாயகன் மூதூரில் ஆசிரியர். 7ஆம் அத்தியாயத்தில் அவன் மோட்டார் சைக்கிளில் கிண்ணியாப் பாலத்தால் அவளைத் தேடி வருகிறான். 9இல் இருவரும் மனம் திறந்து பேசிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு கடற்கரையில் நடக்கிறார்கள், கோயிலுக்குப் போகிறார்கள், உப்புவெளியில் சூரியன் கடலுக்குள் இறங்குவதைப் பார்க்கிறார்கள். கதை மட்டும் அசையவில்லை.

கோணேசர் கோயில் இருக்கும் சுவாமிமலையிலிருந்து பாய்ந்ததாகச் சொல்லப்படும் டச்சுப் பெண் பிரான்சினாவின் கதையை உள்ளே சேர்த்தால் நாவல் எழும்புமா? தொடர்ந்து காதல் நாவல் எழுதுகிறவர்கள் விசயத்தை எங்கிருந்து எடுக்கிறார்கள்? வேலைக்கும் போய்க்கொண்டு எழுத என்ன ஒழுங்கு சரிவரும்? அச்சு விபரம் தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.

கொட்டியாரக்கடல்:

பிழை 12இல் இல்லை, 9இல் இருக்கிறது. கடைசியில் இருவரும் சேருவார்கள் என்பது காதல் நாவலைக் கையில் எடுக்கிற எவருக்கும் தெரியும். எது அவர்களைச் சேரவிடாமல் வைத்திருக்கிறது என்பதற்காகத்தான் பக்கத்தைப் புரட்டுகிறார்கள். உங்கள் 9ஆம் அத்தியாயம் அந்தக் கேள்வியை மூடிவிட்டது. மனம் திறந்து பேசுவது இருக்கட்டும். ஆனால் அந்தப் பேச்சிலேயே புதிதாக ஒரு தடை பிறக்க வேண்டும்.

தடை இரண்டு வேண்டும், ஒன்று வெளியே, ஒன்று உள்ளே. யாரோ கடிதத்தை ஒளித்தார்கள், யாரோ தப்பாகக் கண்டார்கள் என்ற வகை வேண்டாம். ஐந்து நிமிடம் இருந்து கதைத்தால் தீர்ந்துவிடும் சங்கதியை 14 அத்தியாயம் இழுத்தால் வாசகருக்கு நாயகி மேல்தான் எரிச்சல் வரும்.

உங்கள் களத்திலேயே தடை கிடக்கிறது. கிழக்கில் பெரும்பாலும் வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணம் கட்டினால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். இந்திய நாவல்களைப் பார்த்து மருமகள் மாமியார் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும் காட்சியை எழுதினால் இங்கே ஒட்டாது. அவளுக்கு ஒரு தங்கச்சி இருந்து, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வீடும் ஒரே காணி உறுதிப் பத்திரமும் என்று வைத்துப் பாருங்கள். மூத்தவளுக்கு எழுதினால் இளையவளுக்கு என்ன? அவனுக்கோ மூதூரில் தாயைத் தனியே விட்டுவிட்டு வர ஏலாது. இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை, ஆனாலும் எல்லோரும் மாட்டுப்பட்டிருக்கிறார்கள். உள்ளேயான தடையை இதிலிருந்தே பிடிக்கலாம்: தங்கச்சிக்குக் கிடைக்க வேண்டியதைத் தான் எடுக்கிறேன் என்ற எண்ணம் அவளுக்கு. பெண் வீட்டில் வந்து ஒண்டியவன் என்று சொல்லிவிடுவார்களோ என்ற கூச்சம் அவனுக்கு.

பிரான்சினா விசயம். மலையில் நிற்கும் தூணில் 1687 என்ற ஆண்டு பொறித்திருக்கிறது. காதலன் கப்பலேறிப் போனான், அவள் குதித்தாள் என்பது கதை. பழைய பதிவுகளைத் தேடியவர்களோ அவள் அதற்குப் பிறகும் உயிரோடிருந்து கலியாணம் முடித்ததாக எழுதியிருக்கிறார்கள். அவளைப் போலவே என் நாயகியும் என்று இணை வைத்தால் பழசாகிப் போகும். அவன் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பழகிய மாதிரியே அந்தக் கதையைச் சொல்ல, அவள் ‘அவள் சாகவில்லையாமே’ என்று மறுக்கட்டும். பிரிந்தால் செத்துப்போவது பெரிது என்று நினைக்கிறவனும், பிரிந்தாலும் சோறு சமைக்க வேண்டும் என்று நினைக்கிறவளும் அந்த ஒரு பக்கத்தில் வெளியே வந்துவிடுவார்கள். அதற்கு மேல் அந்தக் கதைக்கு இடம் கொடுக்காதீர்கள்.

விசயம் எங்கிருந்து என்று கேட்டீர்கள். ஞாயிறு வீரகேசரி, தினக்குரல் மணமக்கள் தேவை விளம்பரங்களைக் கிழமைதோறும் வெட்டி ஒட்டுங்கள். என்ன வேலை, எந்த ஊர், என்ன சீதனம், வெளிநாடா, எதை மறைக்கிறார்கள் என்று நான்கு வரிக்குள் ஒரு குடும்பத்தின் பயமெல்லாம் அதில் இருக்கும். ஆசிரியர் இடமாற்றம், காணி உறுதி, பழைய கலியாண அழைப்பிதழ் எல்லாமே கதை வித்துக்கள்தான். ஒரு வித்து நாவலுக்குத் தாங்குமா என்று பார்க்க, ‘அவர்கள் ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள், ஆனால்’ என்று ஒரு வசனத்தைத் தொடங்கிப் பாருங்கள். ‘ஆனால்’ என்பதற்குப் பின்னால் வருவது ஒரு ஆளின் பெயராக இருந்தால் சிறுகதை. ஒரு நிலைமையாக இருந்தால் நாவலுக்குத் தாங்கும்.

இந்த ஊருக்கு இது புதிதும் இல்லை. தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1895இல் வெளியிட்ட ‘மோகனாங்கி’ காதலை நடுவில் வைத்த வரலாற்று நாவல்தான். அவர் திருகோணமலைக்காரர்.

மூன்றாங்கட்டை:

கதை விசயத்தை மேலே சொல்லிவிட்டார்கள். நான் களத்தை மட்டும் பார்க்கிறேன், ஊர்க்காரர் முதல் பக்கத்திலேயே பிடித்துவிடுவார்கள் என்பதற்காக.

1998இல் கிண்ணியாப் பாலம் கிடையாது. அது 2009 ஒக்டோபரில்தான் திறந்தது. அதற்கு முன்னால் ‘பாதை’ என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் கடக்க வேண்டும். அல்லது மூதூரிலிருந்து கொட்டியாரக் குடாவைக் கடந்து லோஞ்சில், அதாவது இயந்திரப் படகில் வரவேண்டும். இதை நட்டமாக எடுக்காதீர்கள். பாலத்தால் வருகிறவன் நினைத்த நேரம் திரும்பிப் போவான். லோஞ்சில் வந்தவன் கடைசி லோஞ்சை விட்டால் இரவு டவுனில் யாரோ ஒருவர் வீட்டில் தங்க வேண்டும். அது யார் வீடு, அடுத்த நாள் அக்கம்பக்கம் என்ன கதைத்தது என்பதிலேயே இரண்டு அத்தியாயம் இருக்கிறது. லோஞ்ச் நேரத்தை மூதூரில் வயதானவர்களிடம் கேட்டே எழுதுங்கள். யுத்தகாலம் என்பதால் சோதனைச் சாவடிக்கும் அடையாள அட்டைக்கும் கதைக்குள் இடம் வையுங்கள். ஒவ்வொரு பயணத்திலும் விபரிக்கத் தேவையில்லை. முதல் தடவை விபரமாக, பிறகு நேரத்தைத் தின்னும் ஒரு சங்கதியாக.

உப்புவெளி, நிலாவெளிக் கரைகளில் சூரியன் கடலுக்குள் இறங்காது, கடலிலிருந்து எழும்பும். தண்ணீருக்கு மேலே அந்தி பார்க்க வேண்டுமென்றால் அவர்களை உட்துறைமுகப் பக்கம் கூட்டிப் போங்கள். அதைவிட நல்லது நிலா. பௌர்ணமியன்று பொழுது மங்கும் நேரத்தில் நிலா கடலிலிருந்து மேலே வரும். ஒவ்வொரு நாளும் சராசரி 50 நிமிடம் பிந்தும். ஆகவே போயா (பௌர்ணமி) கழிந்து மூன்றாம் நாள் மாலை ஏழு மணிக்கு முழுநிலாவை வானத்தில் நிறுத்தாதீர்கள், இன்னும் எழும்பியிருக்காது. 1998 கலண்டர் ஒன்றை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் திகதி, கிழமை, நிலா, காற்று நான்கையும் குறியுங்கள்.

காற்று முக்கியம். மே தொடங்கி ஓகஸ்ட் வரை கச்சான் காற்று தரையிலிருந்து சூடாக அடிக்கும், கடல் ஆறியிருக்கும். அந்தக் காலத்தில் மேற்குக் கரை மீனவர் இங்கே வந்து வாடி (தற்காலிகக் குடிசை) அடிப்பார்கள். ஒக்டோபருக்குப் பிறகு மழை, நவம்பர் டிசம்பரில் கடல் கொந்தளிக்கும், லோஞ்ச் ஓடுவதும் நிச்சயமில்லை. விடுதியில் வேலை என்றால் ஆட்கள் வந்துபோவதும் இந்தக் கணக்கில்தான், யுத்தகாலத்தில் அதுவும் சொற்பம். மழைக்காலம் தொடங்கினால் அவளுக்குச் சம்பளம் ஒழுங்காக வருமா என்று யோசியுங்கள்.

இன்னும் இரண்டு. கைத்தொலைபேசி ஊரில் எல்லார் கையிலும் இல்லாத காலம். கொமியூனிகேஷன் கடையில் காசு கட்டித்தான் கதைக்க வேண்டும், பக்கத்தில் நிற்பவருக்கு எல்லாம் கேட்கும். மற்றது, பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்களை எழுதினால் புல் மேய்வதாக மட்டும் எழுதாதீர்கள். வாழைப்பழத் தோலும் கடுதாசியும் தின்கிற மான்கள் அவை.

பாரம்16:

எழுத்து ஒழுங்கும் அச்சும்.

19,000 முடிந்தது. மிச்சம் 14 அத்தியாயம், 1,500 சொல் வீதம் 21,000. நாளுக்கு 400 சொல், கிழமைக்கு ஐந்து நாள் என்றால் 11 கிழமையில் முதல் வரைவு முடியும். 400 குறைவாகத் தெரியும், ஆனால் வேலைக்குப் போகிறவர் ஞாயிறு மட்டும் உட்கார்ந்து 2,000 எழுத வெளிக்கிட்டால் முதல் ஒரு மணித்தியாலம் போன கிழமை எழுதியதை வாசிப்பதிலேயே போய்விடும். ஒரு காட்சியை முடித்துவிட்டு எழும்பாதீர்கள். அடுத்த வசனம் என்ன என்று தெரிந்த இடத்தில் நிறுத்தினால் நாளைக்குத் தொடங்கச் சிரமமில்லை. எழுதும்போது பின்னால் போய்த் திருத்த வேண்டாம். திருத்த வேண்டியதை ஒரு கொப்பியில் அத்தியாய எண்ணோடு எழுதி வையுங்கள். பாலத்தை லோஞ்சாக மாற்றுவதும் அந்தக் கொப்பிக்குத்தான் போக வேண்டும்.

26 அத்தியாயத்தில் 13 திரும்புமிடம். அதற்குப் பிறகு பழைய நிலைக்குத் திரும்ப முடியாத ஒன்று நடக்க வேண்டும். 20 அல்லது 21இல் பிரிவு. 24, 25இல் சேருதல். 26 குட்டியாக. பிரிவை 24 வரை தள்ளினால் சேருவதற்கு இடமில்லாமல் ஒரு தொலைபேசி அழைப்பில் முடிப்பீர்கள். அவசரப்பட்டு முடித்த காதல் நாவல்களில் பாதிக்கு இதுதான் காரணம்.

முடித்ததும் மூன்று கிழமை தொடாதீர்கள். பிறகு கடுதாசியில் அச்செடுத்து உரையாடலை மட்டும் வாய்விட்டு வாசியுங்கள். நாக்கு தடுக்குகிற இடம் எழுத்துத்தமிழ் பேச்சுக்குள் புகுந்த இடம்.

அச்சுக் கணக்கு: டெமி என்ற நூல் அளவில் 11 புள்ளி எழுத்துக்குப் பக்கத்துக்கு ஏறத்தாழ 240 சொல். 40,000 சொல்லுக்கு 167 பக்கம். முன்பக்கங்கள் 8. ஒவ்வொரு அத்தியாயமும் புதுப் பக்கத்தில் தொடங்கினால் சராசரி அரைப் பக்கம் வீதம் 13 பக்கம் வெறுமையாகப் போகும். மொத்தம் 188. அச்சகம் 16 பக்கப் பாரமாக (ஒன்றாக அச்சடித்து மடிக்கும் பக்கத் தொகுதி) கணக்கிட்டால் 12 பாரம், 192 பக்கம். 194 வந்தால் இரண்டு பக்கத்துக்காக இன்னொரு பாரத்துக்குக் காசு கொடுப்பீர்கள், ஆகவே விலை கேட்க முன்னர் பக்கத்தைச் சரிக்கட்டுங்கள். 70 ஜீஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 70 கிராம்) தாளில் புத்தக முதுகு 9 மில்லிமீற்றர் அளவில் வரும். அட்டை கீறுகிறவருக்கு அதைச் சொல்லாவிட்டால் தலைப்பு முன்னட்டைக்கு வழிந்துவிடும்.

நீங்கள் யூனிகோடில் தட்டியிருப்பீர்கள், அச்சகம் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றக்கூடும். ஆங்கில எழுத்தில் விட்ட சொல் ஏதும் இருந்தால் தமிழ் எழுத்துக் குப்பையாக வந்து நிற்கும். மெய்ப்பு பார்ப்பதை மாற்றத்துக்குப் பிறகு வையுங்கள், முன்னால் பார்த்துப் பிரயோசனமில்லை. ஐஎஸ்பிஎன் என்ற நூல் எண்ணைக் கொழும்பு 7 தேசிய நூலகத்தில் எடுக்க வேண்டும். இலங்கை எண் 978-955 அல்லது 978-624 என்று தொடங்கும். மின்னூலும் போடுவதென்றால் அதற்கு வேறு எண். முதல் தடவை 300 பிரதிக்கு மேல் அடிக்காதீர்கள், வீட்டில் பெட்டி பெட்டியாகக் கிடக்கும்.

கிண்ணியாத்தோணி:

பாரம்16 அண்ணா சொன்னதில் ஒன்றோடு உடன்பாடில்லை. முழுதும் முடித்துத்தான் வெளியே விட வேண்டும் என்றில்லை. பிரதிலிபி மாதிரி இணையக் கதைத் தளத்தில் கிழமைக்கு ஒன்றாகப் போட்டால் எந்த அத்தியாயத்தில் ஆட்கள் கழன்று போகிறார்கள் என்று எண்ணிக்கையிலேயே தெரியும். ஆனால் கையில் ஆறு அத்தியாயம் முன்கூட்டி இல்லாமல் தொடங்காதீர்கள். ஒரு கிழமை தவறினால் வாசகர் திரும்பி வருவது கஷ்டம்.

மற்றது, கிண்ணியா, மூதூர் என்றால் முஸ்லிம் பாத்திரங்கள் இல்லாமல் இராது. வாப்பா, உம்மா, காக்கா, ராத்தா என்று அழைப்பு மாறும். அதைப் போட்டுவிட்டு வசனம் முழுவதும் யாழ்ப்பாணப் பேச்சாக இருந்தால் சரிவராது. ஊரவர் ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள்.

வெண்மணல்:

எல்லோருக்கும் நன்றி. தங்கச்சியும் ஒரே உறுதியும் என்ற யோசனையை எடுக்கிறேன். அப்படியானால் 22இல் அவர்கள் வீட்டுக்குச் சொல்லாமல் ஒரே நாளில் பதிவுத் திருமணம் செய்வதாக வைக்கலாமா? அத்தியாயத் தலைப்பில் சினிமாப் பாட்டு இரண்டு வரி போடுவது பரவாயில்லையா?

கொட்டியாரக்கடல்:

ஒரே நாளில் என்றால் விசேட அனுமதிப்பத்திரம் வேண்டும். சாதாரணமாகப் பதிவாளரிடம் அறிவித்தல் கொடுத்து 12 நாள் கழிய வேண்டும். அறிவித்தல் கந்தோரில் பார்வைக்கு இருக்கும், ஆட்சேபணையும் தெரிவிக்கலாம். ஒரே நாளை விட்டுவிட்டு இந்த 12 நாளை எடுங்கள். 18இல் அறிவித்தல் கொடுக்கட்டும். கந்தோருக்கு வேறு அலுவலாகப் போன யாரோ ஒரு மாமா அந்தப் பெயரை வாசிக்கட்டும். 20இல் பிரிவு தானாக வரும்.

பாட்டு வரி வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆக்கியவர் இறந்து 70 ஆண்டு வரை உரிமை இருக்கும், அனுமதி கேட்க வேண்டிவரும். சங்கப் பாடலில் நெய்தல் (கடற்கரைத் திணை) இருக்கிறது. உங்களுக்குத் தேவையான கடலும் காத்திருப்பும் அதில் வேண்டுமளவு உண்டு, யாரிடமும் கேட்கத் தேவையில்லை. 26 அத்தியாயத்துக்கும் போடாதீர்கள், பாகம் பிரிக்கிற இடத்தில் மட்டும்.