வீட்டுச் சமையலா, ஓட்டலா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ராத்திரிப்பாத்திரம்:

எது உடம்புக்கு நல்லது என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வோம். அதனால் அதைக் கேட்கவில்லை. உங்கள் அடுப்படியில், உங்கள் தட்டில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். முதலில் என் கதை.

போன வருடம் இரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருந்தது. "உப்பைக் குறைங்க, வெளியில சாப்பிடுறதையும் குறைங்க" என்றார் டாக்டர். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 5 கிராம் என்பது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. காலையிலிருந்து ராத்திரி வரை வாய்க்குள் போகிற எல்லாவற்றுக்கும் சேர்த்தே அவ்வளவுதான். ஓட்டலில் அந்தக் கரண்டி நம் கையில் இல்லை. சரி, 90 நாள் வெளிச் சாப்பாடே கிடையாது என்று வீட்டில் அறிவித்துவிட்டேன். "யார் சமைக்கப் போறது?" என்று மனைவி கேட்டார். வீராப்பில் "நான்தான்" என்று சொல்லிவிட்டேன்.

முதல் வாரம் திருவிழா. புதுக் கத்தி, புது வாணலி, சந்தையிலிருந்து பை நிறைய காய். இரண்டாவது வாரம்தான் விஷயம் புரிந்தது. சமைப்பது அவ்வளவு கஷ்டமில்லை. "இன்னைக்கு என்ன?" என்ற கேள்விதான் கஷ்டம். சாயங்காலம் ஆறு மணிக்கு ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு, அது பீப் அடிக்கும்வரை நின்றிருக்கிறேன். அரை முட்டைக்கோஸ் இருக்கிறது, நேற்றைய சோறு இருக்கிறது, மூன்று முட்டை இருக்கிறது. ஆனால் மூளைக்குள் ஒன்றும் இல்லை. ஓட்டலில் ஒரு அட்டையை நீட்டுகிறார்கள் பாருங்கள், அதில் நமக்காக யாரோ ஏற்கெனவே யோசித்து வைத்திருக்கிறார்கள். கொடுக்கிற பணத்தில் பாதி அந்த யோசனைக்குத்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

ஒருநாள் போனில் நேரம் பார்த்தேன். நறுக்கிச் சமைக்க 50 நிமிடம். சாப்பிட 12 நிமிடம். கழுவித் துடைக்க 25 நிமிடம். அடிப்பிடித்த வாணலியை ஊறவைத்துவிட்டுப் படுத்தால் தூக்கத்திலும் அது ஊறிக்கொண்டே இருக்கும்.

47ஆவது நாள் சபதம் உடைந்தது. நல்ல மழை, அலுவலகத்தில் நேரமாகிவிட்டது, வீட்டில் ஒன்றுமில்லை. வழக்கமாக ஆசைப்பட்டுச் சாப்பிடுகிற அயிட்டத்தையே வரவழைத்தேன். முதல் வாயிலேயே உப்பு. கெட்டுப்போன உப்பு இல்லை, முன்பு எனக்குப் பிடித்த அதே உப்பு. மாறியிருந்தது என் நாக்கு. உப்பைக் குறைத்துச் சாப்பிட்டால் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும் என்று டாக்டர் சொன்னபோது நான் நம்பவில்லை.

உண்மையையும் சொல்லிவிடுகிறேன். உப்பு உப்பு என்று சொல்லிக்கொண்டே கடைசிப் பருக்கைவரை தின்று முடித்தேன்.

பழைய அடுப்படி:

நான்கு வருடம் ஓட்டல் சமையலறையில் வேலை பார்த்தவன். எந்த ஓட்டல், எந்த ஊர் என்று கேட்காதீர்கள்.

"ஓட்டல்ல வர்ற ருசி வீட்ல ஏன் வரமாட்டேங்குது?" என்று உறவுக்காரர்கள் எல்லோரும் கேட்பார்கள். ஏதோ ரகசியப் பொடி இருக்கிறது என்று அவர்களுக்கு நினைப்பு. ரகசியம் நெருப்பில் இருக்கிறது. ஓட்டல் அடுப்பின் வேகம் வீட்டு அடுப்பைப் போலப் பல மடங்கு. வீட்டில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? நாலு பேருக்கான காயையும் ஒரே வாணலியில் கொட்டுகிறீர்கள். காய் தண்ணீர் விடும். அந்தத் தண்ணீர் வற்றும்வரை வாணலிக்குள் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. பொன்னிறமும் அந்த வறுத்த வாசனையும் வர 140 டிகிரி பக்கம் போகவேண்டும். 1912இல் மெய்யார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இதை எழுதிவைத்ததால் அவர் பெயரிலேயே மெய்யார் வினை என்று சொல்கிறார்கள். ஆகவே நீங்கள் வதக்குவதாக நினைத்துக்கொண்டு வேகவைக்கிறீர்கள். வேறொன்றும் வேண்டாம், காயைத் துணியில் ஒற்றி ஈரம் எடுத்துவிட்டு இரண்டு தவணையாகப் போடுங்கள். வாணலியில் அடி தெரியவேண்டும்.

வெங்காயமும் அப்படித்தான். 5 நிமிடத்தில் பழுப்பாகும் என்று குறிப்பில் எழுதியிருப்பவர் வெங்காயம் வதக்கியதே இல்லை. நிதானமான தீயில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். நாங்கள் அதைக் காலையிலேயே அண்டா அண்டாவாக முடித்துவிடுவோம். நீங்கள் ஆர்டர் கொடுத்து 8 நிமிடத்தில் தட்டு வருகிறது என்றால் அது 8 நிமிடச் சமையல் இல்லை. காலை 9 மணிக்கே ஒருவன் உங்களுக்காக அழுதுகொண்டு வெங்காயம் உரித்திருக்கிறான். பல நாள் அது நான்.

அப்புறம் வெண்ணெய். இறக்கும்போது ஒரு கட்டி. நீங்கள் வீட்டில் போடக் கை நடுங்குகிற அளவு. உப்பு ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக விழும், கடைசியில் கூட்டிப் பார்க்க யாரும் இல்லை.

எண்ணெய் விஷயமும் சொல்லவேண்டும். பொரித்த எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சினால் கறுத்துப் பிசுபிசுப்பாகும், நுரைக்கும், சீக்கிரமே புகைய ஆரம்பிக்கும். நான் இருந்த முதல் இடத்தில் அது நடந்தது. இரண்டாவது இடத்தில் தலைமைச் சமையல்காரர் தினமும் எண்ணெயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், நிறம் மாறினால் கொட்டிவிடுவார். இரண்டு இடத்துக்கும் வாசலில் கூட்டம் ஒரே மாதிரிதான்.

விலை பற்றிப் புலம்புகிறவர்களுக்கு: தட்டின் விலையில் சாமான் செலவு மூன்றில் ஒரு பங்கு பக்கம் நிற்கவேண்டும் என்பது இந்தத் தொழிலில் பொதுவான கணக்கு. மிச்சம் வாடகை, சம்பளம், எரிபொருள், உடைகிற தட்டு, விற்காமல் கொட்டுகிறது. முதலாளி கொள்ளையடிக்கிறார் என்று எடுத்த எடுப்பில் சொல்லாதீர்கள். சிலர் அடிக்கிறார்கள், அது வேறு.

மதியக் கூட்டம் ஓய்ந்ததும் நாங்கள் என்ன சாப்பிடுவோம் தெரியுமா? காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, சோறும் ஒரு முட்டையும். அட்டையில் இருந்த எதையும் யாரும் தொடமாட்டோம்.

ஒற்றைத்தட்டு:

தனியாக இருக்கிறேன். வீட்டில் சமைத்தால் பணம் மிச்சம் என்பது ஒரு ஆளுக்கு அப்படியே பொருந்தாது. ஒரு கட்டுக் கீரை வாங்கினால் பாதி என் வயிற்றுக்கு, பாதி குப்பைக்கு. அழுகினதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள், சில வாரம் ஓட்டலே மலிவாக வந்திருக்கிறது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை நாலு ஆள் அளவுக்குச் செய்து, டப்பாவில் பிரித்து, உறைய வைத்துவிடுகிறேன். டப்பாவின் மேல் பெயரும் தேதியும் எழுதுங்கள், தயவுசெய்து. சூப் என்று நினைத்து எடுத்துச் சூடாக்கி, மிளகுத்தூள் போட்டுக் கலக்கிக் குடித்தால், அது பழக்கூழ்.

மறுநாள்சோறு:

நான் ஒரு ஓட்டலுக்குப் பாவம் செய்தவன். இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி வெளியே சாப்பிட்டோம். சனிக்கிழமை மதியம் வீட்டில் சாப்பிட்டேன். மூன்று மணி நேரத்தில் வாந்தி. தரையில் உட்கார்ந்து வாளியைப் பிடித்தபடியே ஒரு கையால் அந்த ஓட்டலைத் திட்டி ஒரு நட்சத்திரம் போட்டு விமர்சனம் எழுதினேன். "குடும்பத்தோடு போகாதீர்கள்" என்றுகூட எழுதினேன்.

மறுநாள் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "மதியம் என்ன சாப்பிட்டீங்க?" வியாழக்கிழமை ராத்திரி வடித்த சோறு. பாத்திரத்திலேயே, மேடையிலேயே இருந்தது. அதைத்தான் நன்றாகச் சூடாக்கி, முட்டை உடைத்துப் போட்டு வதக்கிச் சாப்பிட்டேன். சூடாக்கிவிட்டால் கிருமி செத்துவிடுமே என்றேன். அவர் விளக்கினார். அரிசியில் பாசிலஸ் சீரியஸ் என்று ஒரு பாக்டீரியா உண்டு. அதன் வித்துகள் கொதியையும் தாண்டி உயிரோடு இருக்கும். சோறு வெளியிலேயே ஆறிக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சு விடும். பாக்டீரியாவைச் சூடு கொல்லலாம், அந்த நஞ்சை மறுசூடு ஒன்றும் செய்யாது. அந்த வகை வாந்தி அரை மணியிலிருந்து 6 மணி நேரத்துக்குள் வந்துவிடுமாம். வெள்ளிக்கிழமை ஓட்டல் கணக்கில் வரவே இல்லை.

சமைத்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காமல் 5 டிகிரிக்குக் கீழே கொண்டுபோக வேண்டும் என்பது எனக்கும் தெரிந்ததுதான். அண்டாவோடு ஃபிரிட்ஜில் நுழைக்க முடியவில்லை என்று விட்டிருந்தேன். தட்டையான பாத்திரத்தில் பரப்பினால் சீக்கிரம் ஆறும் என்பது அப்புறம் தெரிந்துகொண்டது.

விமர்சனத்தை அழித்துவிட்டேன். ஆனால் அதற்குள் 14 பேர் "பயனுள்ளது" என்று அழுத்தியிருந்தார்கள்.

இருபத்திரண்டு வருடம்:

எல்லாம் படித்தேன். ராத்திரிப்பாத்திரம் தம்பி, உங்களுக்கு இரண்டாவது வாரத்தில் தெரிந்தது எனக்கு 22 வருடமாகத் தெரியும். அதுவும் நீங்கள் 47 நாளில் முடித்துவிட்டீர்கள்.

வீட்டுச் சாப்பாட்டின் பெருமையைப் பேசுகிறவர்களில் பாதிப்பேர் வீட்டில் சமைக்காதவர்கள். இது என் அபிப்பிராயம், கோபப்படாதீர்கள். போன மாதம் குடும்பத்தோடு ஓட்டலுக்குப் போனோம். என் வீட்டுக்காரர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "என்ன இருந்தாலும் உன் கைப்பக்குவம் வராதும்மா" என்றார். பாராட்டுத்தான். எனக்கு எரிச்சல் வந்தது. "வராதுங்க. அதுக்குத்தான் வந்தேன்" என்றேன்.

ஓட்டலில் எனக்குப் பிடித்தது சாப்பாடு இல்லை. உட்கார்வது. என் தட்டு சூடாக வருவது. வீட்டில் எல்லோருக்கும் வைத்துவிட்டு நான் உட்காரும்போது என்னுடையது ஆறியிருக்கும், யாராவது தண்ணீர் கேட்பார்கள். அங்கே ஒரு பையன் வந்து, "உங்களுக்கு வேற என்ன வேணும்?" என்று கேட்டான். என்னைப் பார்த்துக் கேட்டான். சட்டென்று பதில் வரவில்லை எனக்கு.

இப்போது புதன்கிழமை என் மகன் சமைக்கிறான், 14 வயசு. முதல் புதன் முட்டை தீய்ந்தது. பரவாயில்லை. என்ன செய்யலாம் என்று என்னிடம் கேட்கக்கூடாது என்பது மட்டும்தான் நான் போட்ட விதி. கேட்டால் பாதி வேலை திரும்ப என் தலைக்கே வந்துவிடும்.

கடலையில்லாவீடு:

சுருக்கமாகச் சொல்கிறேன். என் மகளுக்கு நிலக்கடலை ஒவ்வாமை. எங்களுக்கு இது ருசிப் பிரச்சினையும் இல்லை, பணப் பிரச்சினையும் இல்லை. ஒரு இடத்தில் "இதுல கடலை இருக்கா?" என்று கேட்டோம், "இல்லவே இல்லை" என்றார்கள். பொய் சொல்லவில்லை, அந்த அயிட்டத்தில் கடலை இல்லைதான். ஆனால் கடலை வறுத்த அதே கரண்டி. அவள் உதடு தடிப்பதற்குள் பையிலிருந்த ஊசியைப் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அன்றிலிருந்து "இருக்கா" என்று கேட்பதில்லை. "எதுல வறுக்கிறீங்க, அதே பாத்திரத்துல வேற என்ன போடுவீங்க?" என்று கேட்கிறோம். தெரியாது, உள்ளே கேட்டு வருகிறேன் என்று சொல்கிற இடத்தில் உட்காருவோம். உடனே தலையாட்டுகிற இடத்திலிருந்து கிளம்பிவிடுவோம்.

ராத்திரிப்பாத்திரம்:

எல்லோருக்கும் நன்றி. 47 நாள் பற்றி அக்கா சொன்னது சுளீரென்று விழுந்தது. விழவேண்டியதுதான். அந்த 47 நாளைக்கு முன்னால் இருந்த வருடங்களில் "இன்னைக்கு என்ன?" என்று யார் யோசித்துக்கொண்டிருந்தார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது வாரத்தில் நான்கு நாள் என்னுடையது, யோசனையும் சேர்த்து. சனிக்கிழமை வெளியே போகிறோம், எங்கே என்பதை மனைவிதான் சொல்வார்.

பழைய அடுப்படி அண்ணே, நேற்று நீங்கள் சொன்னபடி துணியில் ஒற்றி இரண்டு தவணையாகப் போட்டேன். முதல் தவணை கருகிவிட்டது, தீயைக் குறைக்க மறந்தேன். இரண்டாவது ஓரமெல்லாம் சிவந்து மொறுமொறுவென்று வந்தது. மனைவி வாணலியிலிருந்தே ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார்.

"உப்புதான் பத்தலை" என்றார்.

உப்பு டப்பாவை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, கருகினதை என் தட்டில் போட்டுக்கொண்டேன்.