ஆட்டோ ஸ்டாப் வேலை செய்யவில்லை: சாதா பேட்டரி போடலாமா?

மதுரை_மேனுவல்:
பெட்ரோல் வண்டி, மேனுவல் கியர், நாலு வருஷம் ஆகிறது. சிக்னலில் நியூட்ரல் போட்டு கிளட்ச்சை விட்டால் இன்ஜின் தானாக அணையும். இப்போது அணைவதே இல்லை. காலையில் ஸ்டார்ட் ஆவதில் குறையில்லை. கடைக்காரர் இஎஃப்பி பேட்டரியை (ஆட்டோ ஸ்டாப் வண்டிக்கென்றே வலுவாகச் செய்தது) எடுத்துவிட்டு சாதா பேட்டரி போட்டால் செலவு குறையும் என்கிறார். போடலாமா?

எலக்ட்ரிக்கல்_செல்வம்:
போடாதீர்கள். இன்ஜின் அணைந்து நிற்கும்போது ஹெட்லைட், புளோயர், வைப்பர் எல்லாம் பேட்டரியில்தான் ஓடும். உடனே ஸ்டார்ட்டரையும் அதுவே சுற்ற வேண்டும். இப்படி நாள் முழுக்க இறங்கி ஏறினால் சாதா பேட்டரியின் தகட்டில் இருக்கும் பசை உதிர்ந்துவிடும். இஎஃப்பியில் அந்தப் பசையைப் பிடித்து வைக்க பாலியஸ்டர் வலை இருக்கிறது. கம்பெனி கொடுத்தது ஏஜிஎம் (ஆசிட்டைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்திருக்கும் பேட்டரி) என்றால் ஏஜிஎம்தான் போட வேண்டும்.

ஆனால் புதிது வாங்குமுன் அளந்து பாருங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்யுமளவுக்குச் சக்தி இருந்தாலும், சார்ஜ் கொஞ்சம் குறைந்ததுமே கம்ப்யூட்டர் முதலில் நிறுத்துவது ஆட்டோ ஸ்டாப்பைத்தான். வண்டி வீட்டு வளாகத்துக்குள் நிற்குமானால் ராத்திரியே போனட்டைத் திறந்து வைத்துவிட்டுப் பூட்டுங்கள். காலையில் கதவைத் தொடாமல் மல்ட்டிமீட்டரை வையுங்கள். கதவைத் திறந்தால் கம்ப்யூட்டர்கள் விழித்துக்கொண்டு அளவு இறங்கிவிடும். 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் சார்ஜ் சரி. 12.4க்குக் கீழே என்றால் சார்ஜ் போடுங்கள். முழு சார்ஜுக்குப் பிறகும் ஓரிரு நாளில் பழையபடி இறங்கினால், லோடு டெஸ்ட் (பேட்டரிக்குச் சுமை கொடுத்து வோல்ட் தாங்குகிறதா என்று பார்ப்பது) செய்துவிட்டு மாற்றலாம்.

சார்ஜரின் நெகட்டிவ் கிளிப்பை பேட்டரி முனையில் மாட்டாதீர்கள். இன்ஜின் அல்லது பாடி எர்த்தில் மாட்டுங்கள். நெகட்டிவ் முனையில் உட்கார்ந்திருக்கும் சின்ன சென்சார்தான் உள்ளே போகும் கரண்டைக் கணக்கெடுக்கிறது. அதைத் தாண்டி சார்ஜ் போட்டால் பேட்டரி நிறைந்தது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஜம்ப் ஸ்டார்ட்டுக்கும் இதேதான்.

நெல்லை_சர்வீஸ்:
மேலே சொன்னது முழுக்கச் சரி. பேட்டரி நன்றாக இருந்தும் அணையவில்லை என்றால் போனட் சுவிட்சைப் பாருங்கள். துருப்பிடித்தாலோ வயர் கழன்றாலோ போனட் திறந்திருப்பதாக நினைத்து அணைக்காது. சீட் பெல்ட், டிரைவர் கதவு சுவிட்ச், கிளட்ச் பெடல் சுவிட்ச் எல்லாம் இதே ரகம். கால் பெடலில் லேசாகப் பட்டிருந்தாலும் கிளட்ச் அழுத்தியிருப்பதாகத்தான் கணக்கு.

நம் ஊர் வெயிலில் இன்னொன்று: ஏசியை மிகக் குறைந்த டெம்பரேச்சரில் வைத்தால், கேபின் குளிரும்வரை இன்ஜின் அணையாது. அது பழுதில்லை. ஏசியை நிறுத்தி ஒருமுறை சோதியுங்கள்.

மதுரை_மேனுவல்:
நன்றி, நாளைக்கே அளக்கிறேன். அடிக்கடி ஸ்டார்ட் ஆவதால் ஸ்டார்ட்டர் மோட்டார் தேய்ந்து போகாதா?

எலக்ட்ரிக்கல்_செல்வம்:
இந்த வண்டிகளில் அதற்கென்றே வலுவான ஸ்டார்ட்டர் வருகிறது. மாருதியின் ஸ்மார்ட் ஹைபிரிட் மாதிரி ஐஎஸ்ஜி (ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் இரண்டு வேலையும் செய்யும் மோட்டார்) இருந்தால், சிக்னலில் பெல்ட் வழியாகவே இன்ஜின் கிளம்பும். அங்கே கவனிக்க வேண்டியது பெல்ட்டும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும். சர்வீஸில் பெல்ட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

நெல்லை_சர்வீஸ்:
மழைக்காலத்துக்கு ஒன்று. தேங்கிய தண்ணீரைத் தவிர்க்க முடியாமல் கடக்க வேண்டி வந்தால், இறங்குமுன்பே ஏ எழுத்தைச் சுற்றி அம்பு போட்ட பட்டனை அழுத்தி சிஸ்டத்தை நிறுத்திவிடுங்கள். நடுவில் வண்டி நின்று இன்ஜின் அணைந்தால் சைலன்சர் வழியாகத் தண்ணீர் ஏறும். பெரும்பாலான வண்டிகளில் சாவி போட்டு மறுபடி கிளப்பும்போது சிஸ்டம் தானாக ஆன் ஆகிவிடும், ஒவ்வொரு முறையும் அழுத்த வேண்டும்.