மேப்ல தொட்டா எந்த நாடுன்னு கண்டுபிடிக்கது எப்பிடி? செஞ்சு பாத்தவுக அனுபவத்தச் சொல்லுங்க

அம்பாசமுத்திரத்துக்காரன்:
எங்க ஊர் கோயில் கொடைக்கு வரி குடுக்கவுக பாதிப்பேரு இப்ப வெளிநாட்டுல இருக்காக. யாரு எங்க இருக்காகன்னு பதிஞ்சு வைக்க ஒரு சின்ன வெப்சைட் கேட்டாக. நாட்டுப் பேரு லிஸ்ட்ல ஒண்ணத் தேர்ந்தெடுக்க டிராப்டவுன் வச்சா சோலி முடிஞ்சிது, ஆனா கமிட்டித் தலைவர் அண்ணாச்சி உலக மேப் வரணும், அவனவன் தான் இருக்க நாட்டத் தொடணும், தொட்டா பேரு வரணும்னு ஒத்தக்கால்ல நிக்காரு. வெப்சைட்ல மேப் காட்டுற லீஃப்லெட்ங்கிற லைப்ரரியப் போட்டு மேப் வந்துட்டு. கிளிக் பண்ணா அட்சரேகை தீர்க்கரேகைன்னு ரெண்டு நம்பர்தான் வருது, நாட்டுப் பேரு வரல, மேப் டைலு, அதான் துண்டு துண்டா வந்து சேர்ற மேப், வெறும் படம்தான, அதுக்கு எல்லை தெரியவா போவுது. நீங்கள்லாம் எப்பிடிச் செஞ்சிய, எங்க இடிச்சிதுன்னு சொல்லுங்க.

பாளை அண்ணன்:
ரெண்டு வழி இருக்கு தம்பி. ஒண்ணு, அந்த ரெண்டு நம்பரையும் நாமினேட்டிம் மாதிரி எடத்துப் பேரு சொல்லுற சர்வர்ட்ட குடுத்துக் கேக்கது, ஜூம் 3ன்னு வச்சுக் கேட்டா தெரு, ஊரெல்லாம் விட்டுட்டு நாட்ட மட்டும் சொல்லும். அது பாக்குற ஓபன்ஸ்ட்ரீட்மேப்ங்கிற பொது மேப்ல நாட்டு எல்லை கடலுக்குள்ள 12 கடல் மைல் வரைக்கும் போகும்ங்கிறதால கடற்கரையில லேசா தள்ளித் தொட்டாலும் நாடு கெடைக்கும். ஆனா அவுக பொதுச் சர்வர்ல ஒரு செகண்டுக்கு ஒரு கேள்விக்கு மேல கேக்கக் கூடாது, கொடை அன்னைக்கு ஊரே சேர்ந்து தட்டுனா நிக்காது.

ரெண்டாவது, எல்லைக் கோடு ஃபைல நாமளே வச்சுக்கிட்டு கணக்குப் போடுறது. தொட்ட புள்ளியில இருந்து ஒரு பக்கமா நேர்கோடு இழுத்து, அது நாட்டு எல்லைய எத்தன தடவ வெட்டுதுன்னு எண்ணணும். வேலி போட்ட தோட்டத்துக்குள்ள நிக்கவன் நேரா நடந்தா ஒத்தப்படையாத்தான் வேலி தாண்டுவான், வெளிய நிக்கவன் தாண்டவே மாட்டான், இல்லன்னா இரட்டைப்படை, அம்புட்டுதான். டர்ஃப்னு மேப் கணக்குப் போடுற லைப்ரரில இதுக்கு ரெடியா ஃபங்ஷன் இருக்கு. தென்னாப்பிரிக்கா நடுவுல லெசோத்தோ ஒரு ஓட்ட மாதிரி கெடக்கு பாருங்க, சில பேரு எழுதுற புரோகிராம் வெளி வளையத்த மட்டும் பாத்துட்டு லெசோத்தோவத் தொட்டாலும் தென்னாப்பிரிக்கான்னு சொல்லிரும். டெஸ்ட் பண்ணும்போது மொதல்ல அங்கனதான் தொட்டுப் பாப்பேன்.

திருச்செந்தூர்:
அண்ணன் சொன்னது சரி, ஆனா எந்த ஃபைலுங்கிறதுலதான் வென இருக்கு. எங்க பக்கம் ஒரு டிராவல்ஸ்காரருக்கு யாரோ செஞ்சு குடுத்த சைட்ல திருச்செந்தூரத் தொட்டா எந்த நாடும் இல்ல, கடல்னு வருது. முருகன் கடக்கரைல இருக்காருதான், அதுக்காக உள்ள தள்ளிட்டானுவளேன்னு அந்த மனுசன் பொலம்பிக்கிட்டே வந்தாரு. பாத்தா நேச்சுரல் எர்த்னு இலவசமா கெடைக்க உலக எல்லை ஃபைல்ல 1:110 மில்லியன் அளவுள்ளத, அதான் ரொம்பச் சுருக்குனத எடுத்து வச்சிருக்காங்க. அதுல நம்ம கடற்கர மொத்தமும் நாலஞ்சு நேர்கோடு, தூத்துக்குடி தப்பிச்சிரும், திருச்செந்தூரும் ராமேஸ்வரமும் தண்ணிக்குள்ள. 1:50 மில்லியன் ஃபைல மாத்திக் குடுத்தேன். 10 மில்லியன் இன்னும் துல்லியம்தான், ஆனா ரொம்பப் பெருசு, போன்ல எறங்கதுக்குள்ள ஆளு போயிருவான்.

கடையநல்லூர்:
110 மில்லியன எடுத்தாத் தொலஞ்சிய அம்பை தம்பி, அதுல பஹ்ரைனும் கெடையாது சிங்கப்பூரும் கெடையாது மாலத்தீவும் கெடையாது, நம்ம ஆளு இருக்க எடமே அதுதான. எங்க ஜமாஅத்துக்கு இதே மாதிரி ஒண்ணு செஞ்சோம், பஹ்ரைன்ல இருக்க எங்க மாமா தொட்டா சவூதி, மச்சான் தொட்டா கத்தாரு. ஃபைல் நல்ல ஃபைல்தான், வெரலுதான் பெருசு. ஜூம் 2ல உலகம் மொத்தமும் 1024 பிக்சல் அகலம், அப்படின்னா பஹ்ரைன் ஒரு பிக்சல் தேறாது, அதுல எங்க போயி வெரல வைக்க? அதனால குட்டி நாடுகளுக்கெல்லாம் மேல ஒரு வட்டப் புள்ளி தனியா வச்சோம், அதத் தொட்டாலே போதும். தொட்டதும் "பஹ்ரைன்தானே?"ன்னு ஒரு கேள்வியும் கேட்டுக்கிடும். மாமா இப்ப சமாதானமாயிட்டாக.

சங்கரன்கோவில்:
நம்பர் வரிசையச் சொல்லாம விட்டுட்டியளே. லீஃப்லெட் அட்சரேகைய மொதல்ல குடுக்கும், எல்லை ஃபைலு எழுதுற ஜியோஜேசன் முறையில தீர்க்கரேகைதான் மொதல்ல, 2016ல வந்த அதோட விதி ஆர்எஃப்சி 7946லயே அப்பிடித்தான் இருக்கு. எங்க ஆபீஸ்ல புதுசா சேந்த பையன் திருநெல்வேலிக்கு 8.7, 77.7ன்னு அப்பிடியே தூக்கிக் குடுத்துட்டு எந்த நாடும் வரமாட்டேங்குன்னு ரொம்ப நேரமா முழிச்சிட்டு இருந்தான். மேப்ல போட்டுக் காமிச்சா, வடதுருவத்துப் பக்கம் ஸ்வால்பார்டுக்கு மேக்க பனிக்கடல்ல நிக்காரு நெல்லையப்பர்! இன்னொண்ணு, மேப்ப பக்கவாட்டுல இழுத்துக்கிட்டே போனா அடுத்த உலகம் வரும்ல, அங்கன திருநெல்வேலியத் தொட்டா தீர்க்கரேகை 437.7ன்னு வரும், 360 கூடிப்போயிரும். லீஃப்லெட்ல ராப்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, அதுல விட்டு எடுத்துட்டுத்தான் கணக்குக்குக் குடுக்கணும்.

வள்ளியூர் அக்கா:
எனக்கு என்னமோ நீங்க எல்லாரும் சுத்தி வளச்சுப் போறிய போலத் தெரியுது. உலகம் மொத்தமும் நாடு நாடா தொடணும்னா கணக்கே வேண்டாம். அந்த ஜியோஜேசன் ஃபைலயே லீஃப்லெட்ல லேயரா வரஞ்சு, ஒவ்வொரு நாட்டுக்கும் கிளிக் வச்சிருங்க, எந்த உருவத்துல வெரலு பட்டுச்சோ அதுவே தன் பேரச் சொல்லிரும், பிரவுசரே பாத்துக்கிடும். எங்க ஊர்க் கப்பல்காரங்களுக்கு அப்பிடித்தான் பண்ணேன். கொடிப் படம் காமிக்கையிலதான் ஒரு கூத்து, ஃபிரான்சுக்கும் நார்வேக்கும் கொடி வரல. நேச்சுரல் எர்த்ல அந்த ரெண்டுக்கும் கொடிய எடுக்கத் தேவையான ரெண்டெழுத்து ஐஎஸ்ஓ நாட்டுக் குறியீடு இருக்க எடத்துல, இல்லன்னு அர்த்தமா -99ன்னு கெடக்கு. ஐஎஸ்ஓ ஏ2 ஈஹெச்னு அதே ஃபைல்ல குறியீட்டுக்கு இன்னொரு எடம் இருக்கு, அத எடுத்தா சரியாவும்.

பாளை அண்ணன்:
அக்கா சொன்னது இந்த வேலைக்கு நல்ல வழி. எல்லைய வரஞ்சு காட்டப்போறீயன்னா இதையும் கேட்டுக்கிடுங்க. நேச்சுரல் எர்த் பொது ஃபைல்ல எல்லை நடைமுறையில யாரு கையில இருக்கோ அதுபடி இருக்கும், கில்கிட்டத் தொட்டா பாகிஸ்தான்னு வரும். நம்ம நாட்டுல சர்வே ஆஃப் இந்தியா மேப்புக்கு மாறா வெளியிட்டா 1961ஆம் வருசச் சட்டப்படி குத்தம். கொடைக்கு வரி பிரிக்கப் போயி கேஸ் வாங்கிராதீய. இந்தியப் பார்வையில வரஞ்ச ஃபைலும் நேச்சுரல் எர்த்காரவுகளே தாராக, அத எறக்கிக்கிடுங்க.

அம்பாசமுத்திரத்துக்காரன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா சொன்னபடி லேயராப் போட்டு, கடையநல்லூர் அண்ணன் சொன்ன புள்ளியையும் வச்சிட்டேன், சிங்கப்பூர்ல இருக்க சித்தப்பா மொதத் தொடுலயே சிங்கப்பூர்னு வந்துட்டு. இந்தியப் பார்வை ஃபைலு 10 மில்லியன் அளவுலதான் கெடச்சிது, எல்லைய எளிமைப்படுத்தி சின்னதாக்கிட்டு இருக்கேன். தலைவர் அண்ணாச்சி பாத்துட்டு, நல்லாருக்குடே, மேப்ல தொடத் தெரியாதவுகளுக்கு கீழ ஒரு லிஸ்டும் வச்சிருன்னுட்டாரு.

கடையநல்லூர்:
😂 அதான் மொதல்லயே டிராப்டவுன்னு சொன்னியளே.