காட்டுல புலி பாக்க எங்க, எப்ப போகலாம்?

கேள்வி: புலிய கூண்டுல இல்லாம காட்டுலயே பாக்கணும்னு ரொம்ப நாள் ஆசை, பாந்தவ்கர், ரந்தம்போர், தடோபா இந்த மூணு புலிகள் காப்பகத்துல ஒண்ணு போலாம்னு இருக்கேன், எந்த மாசம் நல்லது?

பதில்: ஏப்ரல், மே போங்க ப்ரோ. வெயில் கொளுத்தும், ஆனா குட்டையெல்லாம் வத்திப்போய் மிச்சம் இருக்குற தண்ணிக்கு புலி வந்தே ஆகணும், புதரும் காஞ்சு கெடக்கறதால கண்ணுக்கு நல்லா தெரியும். மழைக்காலத்துல கோர் ஏரியா, அதாவது காட்டோட உள்பகுதிய, மூடிடுவாங்க.

பதில்: பர்மிட் சீக்கிரமே ஆன்லைன்ல புக் பண்ணிடுங்க, ஒரிஜினல் ஐடி கையில இருக்கட்டும். உள்ள போனா பேச்ச நிறுத்திட்டு காத தீட்டிக்கோங்க, புள்ளிமானும் லங்கூர் குரங்கும் பதறிக் கத்துனா புலி பக்கத்துல நடமாடுதுன்னு அர்த்தம், நல்ல கைடு உடனே ஜீப்ப ஆஃப் பண்ணி காத்திருப்பார்.

பதில்: இன்னும் கிட்ட போங்கன்னு டிரைவர நச்சரிக்காதீங்க ப்ளீஸ், குட்டியோட வர்ற தாய்ப்புலிக்கு வழி விடணும்.