மூட்டுவாதம்: செல் ஆய்வைக் காட்டி மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தலாமா?

செம்பூர்_வித்யா:
மாமியாருக்கு முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்). வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை சாப்பிடுகிறார். இங்கே ஒரு ஹோமியோபதி கிளினிக்கில் ரஸ் டாக்ஸ் 30 கொடுத்து, கூடவே ஒரு கட்டுரையின் ஜெராக்ஸையும் கொடுத்தார்கள். 2018இல் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வந்தது. ரஸ் டாக்ஸால் செல்களில் அழற்சியைக் கிளப்பும் சைட்டோகைன்கள் என்ற புரதங்கள் குறைந்தன, எலிகளுக்கு நரம்பு வலியும் குறைந்தது என்கிறது. "மாத்திரை வயித்தைப் புரட்டுது, இனிமே இதுவே போதும்" என்கிறார் மாமியார். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

மாட்டுங்கா_ராகவன்:
மாத்திரையை நிறுத்த விடாதீங்க வித்யா. முடக்குவாதத்தில் அரிக்கப்பட்ட எலும்பு திரும்பி வராது.

அந்தக் கட்டுரையை 2019இல் இதழே திரும்பப் பெற்றுவிட்டது. ஒரே படம் இரண்டு இடத்தில் இருந்தது. அதைவிடப் பெரிய விஷயம், பயன்படுத்திய சாற்றில் என்ன இருந்தது, எவ்வளவு இருந்தது என்று தெரியாததால் செல் சோதனைகள் அந்த முடிவுக்கு ஆதாரமாகாது என்று திரும்பப் பெறும் அறிவிப்பிலேயே இருக்கிறது. இது தெரியாமல் நோயாளி கையில் நகலைக் கொடுப்பது எனக்கு ரொம்பக் கோபம் வரவைக்கிறது.

முலுண்ட்_டாக்டர்:
நான் பி.எச்.எம்.எஸ். படித்த ஹோமியோபதி டாக்டர். மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தச் சொல்லும் உரிமை அந்த கிளினிக்குக்குக் கிடையாது, அதில் ராகவன் சாரோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் ஒரு கட்டுரையை வைத்து எல்லாவற்றையும் தள்ளாதீங்க. எங்களை எப்போதும் "வெறும் நம்பிக்கை" என்பார்கள். தட்டில் இருக்கும் செல்லுக்கு ஏது நம்பிக்கை? ஒவ்வாமையின்போது சுரக்கும் ஹிஸ்டமினை நம்ப முடியாத அளவுக்கு நீர்த்துக் கொடுத்தும், மனித பேசோஃபில் என்ற வெள்ளணுக்கள் அடங்கின என்று 2004இல் ஐரோப்பிய ஆய்வுக்கூடங்கள் பல சேர்ந்து வெளியிட்டன. 2010இல் நம்ம பவாய் ஐஐடியில் 30, 200 வீரியங்களிலும், அதாவது அத்தனை தடவை நீர்த்த மருந்துகளிலும், தங்கம், தாமிரம், வெள்ளி நானோ துகள்களைப் பார்த்தார்கள். நீர்த்த மருந்தில் மூலப்பொருளே மிஞ்சாது என்ற வாதம் அதோடு போச்சு.

தாராவி_செல்வம்:
டாக்டர் சொல்றது சரிதான். எனக்குச் சுளுக்குக்கு ஆர்னிகா போட்டா வீக்கம் வடியுது. அனுபவத்துக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?

மாட்டுங்கா_ராகவன்:
செல்வம் அண்ணே, நீங்க தடவுற களிம்பில் தாய்த்திரவம், அதாவது நீர்க்காத மூலிகைச் சாறு, இருந்தால் அதில் ஹெலினாலின் என்ற பொருள் இருக்கலாம். அழற்சி மரபணுக்களை இயக்கும் என்எஃப் கப்பா பி என்ற புரதத்தை அது தடுக்கும் என்று செல் ஆய்வு உண்டு. அது மூலிகையின் வேலை. 30 வீரியம் என்றால் நூறில் ஒன்றாக முப்பது தடவை நீர்த்தது. 12ஆவது தடவையிலேயே அவகாட்ரோ எண்ணைத் தாண்டிவிடும், அதாவது மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்ச வாய்ப்பில்லை. இரண்டையும் ஒரே பெயரில் சேர்க்கும்போதுதான் குழப்பம் வருகிறது.

டாக்டர், செல்லுக்கு நம்பிக்கை இல்லைதான், எண்ணுகிறவருக்கு உண்டு. 1988இல் பிரெஞ்சு விஞ்ஞானி பென்வெனிஸ்த் நேச்சர் இதழில், மிகவும் நீர்த்த கரைசலும் வேலை செய்கிறது என்று வெளியிட்டதும் பேசோஃபில் சோதனைதான். அந்த இதழின் ஆசிரியர் மேடாக்ஸும் மேஜிக் நிபுணர் ஜேம்ஸ் ராண்டியும் பாரிஸ் பக்கத்து ஆய்வுக்கூடத்துக்கே போய், எந்தக் குழாயில் எது என்ற குறிப்பை உறையில் போட்டுக் கூரையில் ஒட்டி வைத்தார்கள். அப்படிச் செய்ததும் விளைவு காணாமல் போனது. நீங்கள் சொன்ன ஹிஸ்டமின் சோதனையை 2005இல் பெர்ன் நகரத்தில் மறுபடி செய்தார்கள். விளைவு உறுதியாகவில்லை. சோதனை அமைப்பின் சின்னச் சின்ன வேறுபாடுகளைச் சரியாகக் கட்டுப்படுத்தாவிட்டாலே பெரிய வித்தியாசம் தோன்றும் என்று எழுதினார்கள்.

ஐஐடி ஆய்வு ஆறு உலோக மருந்துகளைப் பற்றியது. ரஸ் டாக்ஸ் தாவரம். அதோடு 6, 30, 200 எல்லாவற்றிலும் உலோகத்தின் அளவு ஏறக்குறைய ஒன்றே என்றால், வீரியத்துக்கு வீரியம் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

இன்னொன்று, ஆல்கஹால். 100 மைக்ரோலிட்டர் செல் திரவத்தில் 90% ஆல்கஹால் மருந்து 1 மைக்ரோலிட்டர் விட்டால், 100 மில்லிக்கு 700 மில்லிகிராம் அளவு வரும். நம்ம சட்டத்தில் வண்டி ஓட்ட ரத்தத்தில் 30 மில்லிகிராம்தான் வரம்பு. ஆல்கஹால் மட்டுமே, அழற்சியைக் கிளப்பும் சைட்டோகைனான டிஎன்எஃப் சுரப்பைக் குறைக்கும். அதே ஆல்கஹாலை அதே மாதிரி குலுக்கி, மருந்து சேர்க்காமல் செல் தட்டின் ஒரு குழியில் விட்டார்களா? எந்தச் செல் ஆய்வை நீட்டினாலும் நான் முதலில் தேடுவது அதைத்தான்.

முலுண்ட்_டாக்டர்:
குலுக்கிய ஆல்கஹாலை ஒப்பீட்டுக்கு வைப்பது அவசியம், மறுக்கவில்லை. அதை வைத்தும் வித்தியாசம் காட்டிய ஆய்வுகள் உண்டு என்பதால்தான் கதவை மூடாதீங்க என்கிறேன். அவகாட்ரோ எண்ணைச் சொல்லிச் சோதனையே வேண்டாம் என்பது விஞ்ஞானம் ஆகாது.

மாட்டுங்கா_ராகவன்:
சோதனை வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. எது மருந்து என்ற குறியீட்டைச் சோதிப்பவரிடம் மறைத்து, வேறொரு ஆய்வுக்கூடத்தில் திரும்பச் செய்து வரட்டும், படிக்கிறேன். அப்படியே வந்தாலும் தட்டுக்கும் மூட்டுக்கும் நடுவில் நோயாளிகளை வைத்துச் செய்யும் பரிசோதனை பாக்கி இருக்கிறது. அதற்குள் ஒரு அம்மாவின் மாத்திரையை நிறுத்துவது எந்த வகையில் நியாயம்?

செம்பூர்_வித்யா:
வயிற்றுப் புரட்டலுக்கு என்ன செய்வது? ரஸ் டாக்ஸையும் கூடவே சாப்பிடலாமா?

முலுண்ட்_டாக்டர்:
ஃபோலிக் ஆசிட் எழுதியிருக்கிறாரா என்று மூட்டு டாக்டரிடம் கேளுங்கம்மா. மாத்திரைக்குப் பதில் ஊசியாகவும் உண்டு. கல்லீரல், ரத்த அணுப் பரிசோதனையை விடாதீங்க.

மாட்டுங்கா_ராகவன்:
புட்டியில் 30 என்று இருக்கிறதா, க்யூ என்று இருக்கிறதா பாருங்க. க்யூ என்றால் தாய்த்திரவம். ரஸ் டாக்ஸ் என்பது தோலைக் கொப்பளிக்க வைக்கும் பாய்சன் ஐவி செடி, அதை வாயில் விடவே கூடாது. 30 என்றாலும் மூட்டு டாக்டரிடம் காட்டிவிட்டே கொடுங்க.