நாவலாசிரியராக நடிக்கிறேன், மேடையில் என்ன எழுதுவது?

அல்சூர் ஏரிக்கரை:

வணக்கம். பெங்களூரில் ஒரு சின்ன அமெச்சூர் குழுவில் பதினைந்து வருடமாக நடிக்கிறேன். பகலில் கணக்கு எழுதும் வேலை. இதுவரை கிடைத்ததெல்லாம் இன்ஸ்பெக்டர், கல்யாணப் பெண்ணின் அப்பா, ஒருமுறை எமதர்மன். இப்போதுதான் நாவலாசிரியர் வேடம் வந்திருக்கிறது. கதை நடப்பது 1968-ல். வாராவாரம் தொடர்கதை எழுதும் மனிதர். ஹாலில் பத்திரிகை ஆபீஸ் பையன் காத்திருக்கிறான், உள்ளே இவருக்கு அத்தியாயம் முடியவில்லை. முதல் காட்சியில் நாலு நிமிடத்துக்கு வசனமே கிடையாது. உட்கார்ந்து எழுத வேண்டும், அவ்வளவுதான்.

அந்த நாலு நிமிடம்தான் உயிரை எடுக்கிறது. ஒத்திகையில் பேனாவை மோவாயில் வைத்துப் பார்த்தேன், விட்டத்தை வெறித்தேன், தாளைக் கசக்கி எறிந்தேன். டைரக்டர் சிரித்துவிட்டார். "நீங்க நாவல் எழுதலை சார், லீவ் லெட்டருக்குக் காரணம் தேடறீங்க" என்றார்.

இன்னொரு கவலையும் சேர்ந்துகொண்டது. போன மாதம் ஜே.பி. நகர் ரங்கசங்கராவில் ஒரு நாடகம் பார்த்தேன். அங்கே இருக்கைகள் மாடிப்படி மாதிரி மேலே ஏறும். கடைசி வரிசையிலிருந்து பார்த்தால் மேடையில் போட்ட மேசையின் மேல்பரப்பு முழுசாகத் தெரிகிறது. தட்டில் இருந்த இட்லி தெர்மாகோல் என்பதுகூடத் தெரிந்தது! நானோ இதுவரை தாளில் சுழி சுழியாகக் கிறுக்கிக்கொண்டிருக்கிறேன். அப்படியானால் நிஜமாகவே எழுத வேண்டுமா? எதை எழுதுவது?

பழைய கம்பாசிட்டர்:

முதலில் தாளைக் கசக்குவதை நிறுத்துங்கள் தம்பி. அதெல்லாம் சினிமாவில். எங்களிடம் வந்த தாள்களில் பிடிக்காத வரியை அடித்துவிட்டு அதன் தலையிலேயே மாற்று வரி எழுதியிருக்கும்.

சிவாஜிநகர் பக்கம் ஓர் அச்சகத்தில் பதினெட்டு வருடம் எழுத்துக் கோத்தவன் நான். எழுத்தாளர்களை நேரில் பார்த்தது குறைவு, அவர்கள் கையெழுத்தோடுதான் பழக்கம். தாளில் ஒரு பக்கம் மட்டும் எழுதியிருப்பார்கள். அவசர மேட்டர் என்றால் நாலு பேர் தாள் தாளாகப் பிரித்துக்கொண்டு கோப்போம். பின்பக்கமும் எழுதியிருந்தால் ஒருவன் முடிக்கும்வரை இன்னொருவன் கைகட்டி நிற்க வேண்டியதுதான். இடப்பக்கம் இரண்டு விரல் அகலம் மார்ஜின். மூலையில் பக்க எண் கட்டாயம். காற்றில் பறந்த தாளைத் திரும்ப எடுத்து அடுக்கியவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

உங்கள் ஆள் மைப்பேனாக்காரர். ஒரு தாள் முடிந்ததும் எண் போட்டு, ஒற்றுத்தாளை அழுத்தி எடுத்து, தனியே வைக்கட்டும். ஈரத்தோடு அடுக்கினால் எல்லாம் இழுகிவிடும். நாலு நிமிடத்தில் இதை இரண்டு தடவை செய்தாலே போதுமே, மோவாய் எதற்கு?

மூன்றாம் வரிசை:

ஜிப்பா, ஜோல்னாப் பை மாட்டிவிட்டார்களா? மாட்டியிருந்தால் கழற்றச் சொல்லுங்கள். நம் ஊரிலேயே சுஜாதா இருந்தாரே. ஜாலஹள்ளி பாரத் எலக்ட்ரானிக்ஸில் இன்ஜினியர், மின்னணு வாக்குப்பதிவு இயந்திர வேலையில் பங்கெடுத்தவர். நாவலாசிரியர் இப்படித்தான் இருப்பார் என்று அவரை வைத்து எந்த டைரக்டர் உடை தைக்க முடியும்?

விட்டத்தை வெறிப்பது பற்றி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மைசூர் போய் யாதவகிரியில் ஆர்.கே. நாராயண் வீட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள். 2016-ல் நினைவில்லமாகத் திறந்தார்கள். எழுதுவதற்கென்று எட்டு ஜன்னல் வைத்து ஓர் அறை கட்டினார் மனிதர். சாமுண்டி மலை தெரியும். கடைசியில் வேடிக்கை பார்ப்பதிலேயே பொழுது போகிறது என்று திரை போட்டு மறைத்துக்கொண்டார். உங்கள் செட்டில் ஜன்னல் இருந்தால் அதற்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். முகமும் தானாகச் சபையைப் பார்த்து வந்துவிடும்.

ஒத்திகைக் காபி:

நிஜமாகவே எழுதுங்கள், ஆனால் மேடையில் புதிதாக யோசிக்காதீர்கள். யோசித்தால் க்யூவை, அதாவது அடுத்து நீங்கள் பேசவோ அசையவோ வேண்டிய சைகையை, கோட்டை விடுவீர்கள். ஒரு நாடகத்தில் நான் கடிதம் எழுத வேண்டியிருந்தது. தினமும் எங்கள் பாட்டியின் ரசப்பொடி அளவை எழுதினேன், அதே வரிசையில். கை பாட்டுக்கு ஓடும், காது மேடையில் இருக்கும். உங்கள் பாத்திரம் பின்னால் எங்காவது தன் அத்தியாயத்தை வாசித்துக் காட்டுகிறதா? அப்படியென்றால் அந்தப் பகுதியையே எழுதலாம். அப்புறம், பேனாவில் பாதி மை போதும்.

அல்சூர் ஏரிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. மூன்றாம் காட்சியில் வாசிக்கிற பகுதி இருக்கிறது, அதையே எழுதினேன். நேற்று ஒத்திகையில் ஒற்றுத்தாளும் பக்க எண்ணும் சரியாக வந்தன. டைரக்டர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் இருந்தாலே பெரிது. ஆனால் மனைவி வேடம் போடும் அம்மா காபியோடு வந்து நின்றது எனக்குத் தெரியவே இல்லை. ஒரு வரி விட்டுப்போயிருந்தது, அதைச் செருகிக்கொண்டிருந்தேன். பாவம், டம்ளரோடு அப்படியே நின்றார்களாம். இன்றைக்கு மறுபடி பார்க்க வேண்டும்.

பாதி மை சொன்னதைக் கேட்கவில்லை. வேட்டியில் தொடைப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு நீலக் கறை. குழுவுக்கு வாடகைக்கு எடுத்த வேட்டி. என்ன போட்டால் போகும்?

பழைய கம்பாசிட்டர்:

எலுமிச்சம்பழமும் உப்பும் தேய்த்து வெயிலில் போட்டுப் பாருங்கள். போகவில்லை என்றால் வாடகைக்காரரிடம் காசைக் கொடுத்துவிட்டு அதையே கட்டிக்கொண்டு நடியுங்கள்.