கிராமத்துப் பெண்கள், காதல், கிழக்காசியப் படங்கள்: நீங்கள் மறக்காத காட்சி எது?

வணக்கம். ரொம்ப நாளாக எழுத நினைத்திருந்தது இது. சீனா, தைவான் பக்கத்துக் கிராமத்துப் படங்களில் வரும் இளம்பெண்கள் காதலை வாய் திறந்து சொல்வதே அபூர்வம். சமைக்கிறார்கள், நெய்கிறார்கள், தண்ணீர் எடுக்கிறார்கள். சொல்ல வேண்டியதெல்லாம் அந்த வேலைக்குள் இருக்கிறது. அப்படி உங்கள் மனதில் தங்கிப்போன காட்சி இருந்தால் எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்கிறேன்.

ஜாங் யிமோ 1999-இல் எடுத்த ‘தி ரோட் ஹோம்’. ஜாங் ஸியி நடித்த முதல் படம். அடுத்த ஆண்டு பெர்லின் விழாவில் வெள்ளிக் கரடி விருது வாங்கியது. அதை என் அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். அம்மாவுக்கு அடியில் ஓடும் எழுத்தைப் படிக்க முடியாது. அதனால் நான் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு வசனமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். பத்து நிமிஷம் போயிருக்கும். “நீ சும்மா இரு, எனக்குப் புரியுது” என்றார்.

1950களின் பிற்பகுதி, வட சீனாவில் ஒரு மலைக் கிராமம். அங்கே புதிதாகப் பள்ளிக்கூடம் கட்டுகிறார்கள். நகரத்திலிருந்து ஓர் இளம் வாத்தியார் வருகிறார். 18 வயது சாவ் டி அவரைப் பார்த்ததுமே மனதைக் கொடுத்துவிடுகிறாள். ஆனால் பக்கத்தில் போக வழியில்லை. கட்டடம் எழும்பும் இடத்துக்குப் பெண்கள் போனால் ஆகாது என்பது ஊர் வழக்கம். ஆண்கள் கட்டுவார்கள், பெண்கள் வீட்டுக்கு ஒரு பதார்த்தம் சமைத்துக் கொண்டுவந்து வைத்துவிட்டு விலகிவிட வேண்டும். அவள் தன் சமையலை நீலப்பூப் போட்ட பீங்கான் கிண்ணத்தில் வைத்துவிட்டுத் தூரத்தில் நிற்கிறாள். யார் கை எந்தக் கிண்ணத்தை எடுக்கிறது என்று தெரியவில்லை. எட்டி எட்டிப் பார்க்கிறாள்.

அதே ஊர் வழக்கம்தான் அவளுக்கு இன்னொரு வாசலையும் திறக்கிறது. புதுக் கட்டடத்தின் உத்தரத்தில் கட்டும் சிவப்புத் துணியை ஊரிலேயே அழகான பெண் நெய்ய வேண்டும். அவள்தான் நெய்கிறாள். அவள் காலடி படக்கூடாத இடத்தில் அவள் கைவேலை உச்சியில் ஏறிவிடுகிறது! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். அப்புறம் தண்ணீர். வீட்டுக்குப் பக்கத்திலேயே புதுக் கிணறு இருக்க, பள்ளிக்கூடம் கண்ணில் படும் என்பதற்காகவே பழைய கிணற்றுக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போகிறாள்.

வாத்தியார் முறை வைத்து வீடு வீடாகச் சாப்பிடுவார். இவள் வீட்டு முறை வரும் நாளில், கதவு நிலையில் நிற்கும் அவளைப் பார்க்கிறார். அந்தத் தோற்றம் ஓவியம் மாதிரி இருந்தது என்று பிற்காலத்தில் அவர் சொன்னதாக, கதையைச் சொல்லும் அவர்களுடைய மகன் நமக்குச் சொல்கிறான். இந்த ஒரு வரியைத் தாண்டிப் பெரிய காதல் வசனம் எதுவும் இல்லை. தேவையும் இல்லை.

அரசியல் காரணத்தால் அவரைத் திடீரென நகரத்துக்குக் கூட்டிப்போகிறார்கள். அவருக்காகச் செய்து வைத்த காளான் கொழுக்கட்டையைக் கிண்ணத்தோடு கட்டிக்கொண்டு, வண்டியைப் பிடிக்க அவள் மேட்டிலும் பள்ளத்திலும் குறுக்கே விழுந்து ஓடுகிறாள். வண்டி வளைவில் மறைகிறது. தடுக்கி விழுகிறாள், கிண்ணம் உடைகிறது.

இதற்கு அடுத்து வரும் காட்சிதான் என்னுடையது. அவளுடைய அம்மாவுக்குக் கண் தெரியாது. உடைந்த பீங்கான் ஒட்டுபவர் தெருவில் வர, அந்த அம்மா துண்டுகளை எடுத்துக் கொடுக்கிறாள். இதை ஒட்டுகிற காசுக்குப் புதுசே வாங்கலாமே என்கிறார் அவர். அவள் மசியவில்லை. இதில் சாப்பிட்டவன் என் மகள் மனதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான், இதையாவது அவளுக்கு மிச்சம் வைக்கிறேன் என்கிறாள். அவர் ஓரத்தில் பொடித் துளை போட்டு, சின்னச் சின்ன உலோகக் கொக்கிகளை அடித்து, துண்டோடு துண்டைச் சேர்க்கிறார். கேமரா அவசரப்படாமல் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறது. இத்தனைக்கும் இந்த அம்மாவுக்கு அந்தக் காதலில் முதலில் சம்மதமே இல்லை. நம் நிலை வேறு, அவர் நிலை வேறு என்று மகளைத் தடுத்தவள். என் அம்மா அழுதது இங்கேதான், சாவ் டி விழுந்தபோது அல்ல.

இந்தப் பழைய கதை முழுக்க வண்ணத்தில் வரும். வாத்தியார் இறந்து, மகன் ஊர் திரும்பும் இன்றைய காலம் மட்டும் கறுப்பு வெள்ளை. இறந்தவரை வண்டியில் ஏற்ற அவர் மனைவி சாவ் டி சம்மதிப்பதில்லை. வீட்டுக்கு வரும் வழியை ஆவி மறக்காமல் இருக்கத் தோளில் சுமந்து நடந்தே கொண்டுவர வேண்டும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். ஊரிலோ தூக்க ஆள் இல்லை, இளவட்டமெல்லாம் பிழைக்கப் போய்விட்டது. கடைசியில் அவரிடம் படித்தவர்கள் நூறு பேருக்கு மேல் பனியில் வந்து சேர்கிறார்கள். ஒருவரும் கூலி வாங்கவில்லை. சவத்துணியையும் அவள்தான் இரவெல்லாம் தறியில் உட்கார்ந்து நெய்கிறாள்.

* * *

அக்கா, படித்ததும் எனக்கு இதற்கு நேர் எதிரான பெண் நினைவுக்கு வந்தாள். 1984-இல் சென் கைகே எடுத்த ‘யெல்லோ எர்த்’. ஒளிப்பதிவு யார் தெரியுமா? உங்கள் ஜாங் யிமோவேதான். கல்லூரியில் படிக்கும்போது ஒரு திரையிடலில் பார்த்தேன். படம் முடிந்து யாரோடும் பேசப் பிடிக்காமல் விடுதிக்கு நடந்தே போனேன்.

வருஷம் 1939, இடம் வடக்கு ஷான்ஸியின் வறண்ட மேட்டு நிலம். நாட்டுப்பாட்டுச் சேகரிக்க ஒரு படைவீரன் வருகிறான். அவன் தங்கும் வீட்டுப் பெண் சுயிசியாவ், இன்னும் சிறுமிதான். மஞ்சள் நதியிலிருந்து வெகுதூரம் தண்ணீர் சுமக்கிறாள். குழந்தையாக இருக்கும்போதே நிச்சயம் ஆகிவிட்டது. அந்தப் பரிசப்பணம் அவள் அம்மாவின் சாவுச் செலவுக்கும் தம்பியின் நிச்சயத்துக்கும் போய்விட்டது. இனி எப்படிப் பின்வாங்குவது? தெற்கே பெண்கள் படிக்கிறார்கள், தாங்களே மாப்பிள்ளை பார்த்துக்கொள்கிறார்கள் என்று அவன் சொல்லக் கேட்கிறாள். என்னையும் கூட்டிப் போ என்கிறாள். மேலிடத்தில் அனுமதி கேட்டு வருகிறேன் என்று போய்விடுகிறான்.

படத் தொடக்கத்தில் வரும் வேறொரு கல்யாண விருந்தில் மரத்தில் செதுக்கிய மீனைப் பரிமாறும் காட்சி என்னை என்னவோ செய்தது. சீன மொழியில் மீனுக்கும் மிச்சத்துக்கும் ஒரே உச்சரிப்பு. அதனால் விருந்தில் மீன் இருந்தே ஆக வேண்டும், வாங்கத்தான் வக்கில்லை. மரமீன் மேல் குழம்பை ஊற்றி வைக்கிறார்கள். இந்தச் சடங்குக்குள் ஒரு பெண்ணையும் அப்படித்தானே வைக்கிறார்கள்!

சுயிசியாவின் முதலிரவில் மாப்பிள்ளையின் முகத்தைக் காட்டுவதில்லை. கறுத்த முரட்டுக் கை ஒன்று வந்து சிவப்பு முக்காட்டை விலக்குகிறது, அவ்வளவுதான். அப்புறம் அவள் பின்னலை அறுத்துத் தம்பியிடம் கொடுத்துவிட்டு இரவில் நதியில் படகைத் தள்ளுகிறாள். பாடிக்கொண்டே போகிறாள். பாட்டு பாதியில் அறுந்துவிடுகிறது. சாவ் டிக்கு ஒரு தறியாவது இருந்தது அக்கா, இவளுக்கு நதி மட்டும்தான்.

* * *

நான் ஊரை விட்டு வந்து வெளிநாட்டில் வேலை பார்க்கிறவன். என் படம் தைவானின் ‘டஸ்ட் இன் தி விண்ட்’, 1986, ஹௌ சியாவ் சியென். சுரங்க ஊரில் கூடவே வளர்ந்த ஒரு பையனும் பெண்ணும் தைபேய்க்கு வேலைக்குப் போகிறார்கள். அவள் தையல் வேலை பார்க்கிறாள். இரண்டு பேருக்கும் கல்யாணம் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. அவன் கட்டாய ராணுவச் சேவைக்குப் போகிறான். கடிதம் எழுதுகிறான், எழுதுகிறான். அந்தக் கடிதங்களைக் கொண்டுவந்து கொடுத்த தபால்காரரையே அவள் கட்டிக்கொள்கிறாள்.

எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. தினமும் வாசலுக்கு வந்து நின்றது தபால்காரர் அல்லவா? பிரிந்திருப்பவனுக்கு இது சுருக்கென்று தைக்கும். ஊர் திரும்பிய அவனிடம் தாத்தா சர்க்கரைவள்ளி பயிரிடுகிற கஷ்டத்தைப் பேசுகிறார். அவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. படம் பார்த்த அன்று இரவே வீட்டுக்குப் போன் போட்டேன்.

* * *

இரண்டு பேருக்கும் நன்றி. மரமீன் பற்றி அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “அந்தக் கிண்ணம் ஒட்டுற படத்தை ஞாயித்துக்கிழமை மறுபடியும் போடு, சித்தியும் வரா” என்றார்.